‘உயிர் காலேஜ்’ திரைக்குப் பின்னால்... விலங்கு டூர் போறீங்களா? இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

ஆவடியிலோ அம்பத்தூரிலோ லோக்கல் ரயில் பிடித்து சென்ட்ரல் போகிறவரா நீங்க? ரயில் போய் நிற்கிற மூர் மார்க்கெட் வளாகத்தை ஒட்டித்தான் ஒரு காலத்தில் சென்னையின் மிருகக்காட்சி சாலை இருந்தது. 1855-ல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் தொடங்கியது. பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. மியூசியத்துக்கு ‘செத்த காலேஜ்’, இதற்கு ‘உயிர் காலேஜ்’ என்று நம்ம தாத்தா பாட்டிகள் பேர் வச்சிருந்தாங்க. 1985-ல் அந்த உயிர் காலேஜ் வண்டலூருக்குக் குடிபோய், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக வளர்ந்தது.

அப்போ கூண்டுக்கு முன்னால் நின்று பார்த்தாலே போதும். இப்போ யூடியூபில் வெளிநாட்டு தீம் பார்க் வீடியோ பார்க்கிற பிள்ளைகள், “உள்ளே போய்ப் பார்க்கலாமாப்பா?” என்று கேட்கிறாங்க. ஆர்லாண்டோவின் டிஸ்னி அனிமல் கிங்டம் மாதிரி இடங்களில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, விலங்குகளைப் பராமரிக்கும் பகுதிக்கே கூட்டிப்போகிறார்கள். நம்ம மேற்குப் புறநகரில் தீம் பார்க் என்றால் பூந்தமல்லி தாண்டி இருக்கும் குயின்ஸ்லேண்ட்தான் ஞாபகம் வரும். அது ராட்டினத்துக்கும் தண்ணீர் விளையாட்டுக்குமான இடம். விலங்குகளின் அன்றாட வாழ்க்கையை நெருங்கிப் பார்க்க, சென்னையைச் சுற்றி நமக்கு முக்கியமாக ரெண்டு இடங்கள் உண்டு: வண்டலூர், வடநெம்மேலி முதலைப் பண்ணை.

போகிறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை மனசில் வச்சுக்கோங்க. நல்ல டூரில் விலங்கு உங்களுக்காக எதையும் செய்யாது. அதற்காக மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நீங்க பார்ப்பீங்க.

உள்ளே என்னதான் இருக்கும்?

எந்த நாட்டு உயிரியல் பூங்காவானாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். சமையற்கட்டு, இரவுக் கூடு, மருத்துவமனை, குட்டிகளையும் முட்டைகளையும் பாதுகாக்கும் அறை.

சமையற்கட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனி அளவில் உணவு எடை போட்டு வைக்கப்படும். காட்டில் புலிக்கோ சிங்கத்துக்கோ தினமும் இரை சிக்காது. அதனால் இந்தியப் பூங்காக்கள் பலவற்றில் மாமிச உண்ணிகளுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி. முதலைக்கோ வாரத்தில் ஒன்றிரண்டு வேளை சாப்பாடே போதும். வெயிலில் இருந்து உடம்புச் சூட்டை எடுத்துக்கொள்கிற பிராணி அது. நம்மைப் போல சாப்பாட்டை எரித்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள வேண்டிய தேவை அதற்கு இல்லை.

இரவுக் கூட்டில்தான் கீப்பரின் கைப்பழக்கம் தெரியும். குச்சி முனையில் ஒரு பந்து. விலங்கு மூக்கால் அதைத் தொட்டால் ஒரு துண்டு இறைச்சி. இதை ‘டார்கெட்’ பயிற்சி என்பார்கள். இப்படிப் பழகிய விலங்கு, கூண்டுக் கம்பி ஓரமாக வந்து தானாகவே ஊசிக்கு உடம்பைக் காட்டும். மயக்க மருந்தின் தேவை குறையும். சர்க்கஸ் வித்தை மாதிரித் தெரிந்தாலும், இதனால் பலன் கிடைப்பது விலங்குக்குத்தான்.

வடநெம்மேலி: முதலைகளின் பிரசவ வார்டு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கிறது முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கர் குழுவினர் 1976-ல் தொடங்கியது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு முதலைகள் அருகிக்கொண்டிருந்த நேரம் அது. மக்கர், கரியல், உவர்நீர் முதலை என்ற மூன்று இந்திய இனங்களையும் பெருக்கிக் காப்பாற்றுவதுதான் நோக்கம்.

இங்கே பார்க்க வேண்டியது முட்டை விஷயத்தை. முதலைக்கு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது முட்டை இருக்கும் சூடு. மக்கரில் சுமார் 32 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆண் குஞ்சுகள். அதைவிடக் குறைந்தால் பெண் குஞ்சுகள். இன்னொரு ஆச்சரியம், இந்தப் பண்ணையில் மக்கர்கள் ஒரே வருஷத்தில் ரெண்டு முறை முட்டையிட்டன. நன்றாகச் சாப்பிட்டு, பத்திரமாக இருந்ததன் விளைவு. ஆனால், அதுவே தலைவலியும் ஆனது. வளர்ந்த முதலைகளைக் கொண்டுபோய் விட ஆறும் ஏரியும் எங்கே இருக்கு? எண்ணிக்கை ரெண்டாயிரத்தைத் தாண்டியது. கடைசியில், சுமார் ஆயிரம் மக்கர்களை குஜராத்தின் ஜாம்நகருக்கு லாரி லாரியாக அனுப்பும் வேலை 2022-ல் நடந்தது. ‘பாதுகாப்பு’ என்கிற வார்த்தைக்குள் இப்படி ஒரு சிக்கலும் இருக்கு. டூரில் கைடிடம் தயங்காமல் இதைக் கேளுங்க.

பொறுமையாக நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கும் இதே பண்ணையில் ஓர் உதாரணம் உண்டு. 2007-ல் விளாடிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் இங்கே வந்தபோது, மூக்கின் மேல் சுள்ளிகள் கிடக்க, அசையாமல் படுத்திருந்த மக்கர்களைக் கவனித்தார். மேலே மரத்தில் கொக்குகள் கூடு கட்டும் காலம். சுள்ளி பொறுக்க வரும் கொக்கைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது அவர் முன்வைத்த விளக்கம். அமெரிக்க அலிகேட்டர்களிடமும் இதைக் கண்டு, 2013-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நாம ‘இது தூங்குது, வாங்க போகலாம்’ என்று கடந்துபோயிருப்போம்!

இரவு டூருக்கும் பெயர்போன இடம் இது. டார்ச் ஒளி பட்டதும் தண்ணீருக்கு மேல் ஜோடி ஜோடியாகக் கண்கள் செக்கச்செவேலென மின்னும். கண்ணுக்குள் இருக்கும் பிரதிபலிக்கும் படலம்தான் காரணம். பகலில் முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தால் பயப்படாதீங்க. பெரும்பாலும் உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படிச் செய்யும்.

பானைக்குள் நல்ல பாம்பு

பண்ணை வளாகத்திலேயே, 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் விஷம் எடுக்கும் மையம் இருக்கிறது. இதை வித்தையாக நினைத்துப் போகாதீங்க. ஒரு சமூகத்தின் பிழைப்புக் கதை இது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றுபோனபோது, இருளர்களின் வருமானமும் நின்றது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற அதே திறமையை, பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுக்கப் பயன்படுத்த வழி செய்தது இந்தச் சங்கம்.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானையில் சில வாரங்கள் வைத்து, சில முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வைத்து வெளியே விட்டுவிடுவார்கள். அதே பாம்பு சீக்கிரமே மறுபடி மாட்டினால் தெரிய வேண்டுமே! எடுத்த விஷம், பாம்புக்கடி மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது. இருளர் பாம்பு பிடிப்பாளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும்.

வண்டலூர்: எட்டி நிற்பது ஏன்?

சுமார் 600 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூரில் கோடை முகாம், விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் போன்றவை உண்டு. பிள்ளைகளுக்குப் பூங்காவின் உள்வேலைகளை அறிமுகப்படுத்த கோடை முகாம் நல்ல வழி. ‘தத்தெடுப்பது’ என்றால் வீட்டுக்குக் கூட்டிவருவது இல்லீங்க. அந்த விலங்கின் சாப்பாட்டுச் செலவில் நீங்க பங்கெடுப்பது.

“கொஞ்சம் கிட்டப் போனா என்ன?” என்று கேட்பவர்களுக்கு 2021-ஐ ஞாபகப்படுத்தணும். அப்போ இங்கே ஒன்பது சிங்கங்களுக்கு கொரோனா தொற்று உறுதியானது. ஜூன் மாதத்தில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. மாதிரிகளில் கண்டறியப்பட்டது, அப்போது மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த அதே டெல்டா வகை. நம்ம தும்மலும் இருமலும் கூண்டுக் கம்பியில் நிற்காது. சளி, காய்ச்சல் இருந்தால் டூரை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுங்க. வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்கச் சொன்னால், முகம் சுளிக்காமல் நனையுங்க.

இந்த டூர் வேண்டாமே!

1998-ல், இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்த டால்ஃபின் சிட்டிக்கு பல்கேரியாவிலிருந்து டால்பின்கள் வந்தன. சில மாதங்களிலேயே இறந்துபோயின. 2013 மே மாதம், டால்பின் காட்சியகம் அமைக்க யாருக்கும் அனுமதி தர வேண்டாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

மனிதர்களுக்கும் ஆபத்துதான். 2010 பிப்ரவரி 24 அன்று ஆர்லாண்டோ சீ வேர்ல்டில், அனுபவம் வாய்ந்த பயிற்சியாளர் டான் பிராஞ்சோவை டிலிகம் என்ற ஓர்கா திமிங்கிலம் தண்ணீருக்குள் இழுத்துக் கொன்றது. 2016-ல் ஓர்கா இனப்பெருக்கத்தையே நிறுத்துவதாக சீ வேர்ல்டு அறிவித்தது.

நம்ம ஊர் சட்டம் தெளிவாகவே இருக்கு. பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கை வித்தை காட்டப் பயன்படுத்துவதற்கு 1998-லேயே தடை வந்துவிட்டது.

புக் பண்ணும் முன் போனிலேயே இதையெல்லாம் கேட்டுடுங்க:

• மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் இருக்கா?

• விலங்கைத் தூக்கி வைத்து போட்டோ எடுக்கச் சொல்வாங்களா? ‘ஆமாம்’ என்றால் வேண்டாம்.

• பிடிக்கலைன்னா விலங்கு ஒதுங்கிப் போய் மறைய இடம் இருக்கா?

• ஒரு நாளைக்கு எத்தனை குழுக்கள்? ஒரு குழுவில் எத்தனை பேர்?

• கூட்டிப்போகிறவர் விலங்குகளோடு தினமும் வேலை செய்கிறவரா?

நம்ம ஏரியாவிலிருந்து எப்படிப் போறது?

வண்டலூருக்கு: வண்டி இருந்தால் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலைதான் நமக்கு வரம். ஆவடிப் பக்கம் இருப்பவர்கள் நெமிலிச்சேரியிலும், பூந்தமல்லிக்காரர்கள் நசரத்பேட்டையிலும் ஏறலாம். ரயில் என்றால் சென்ட்ரலில் இறங்கி, எதிரே பூங்கா ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி பிடித்து, வண்டலூரில் இறங்கணும். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

வடநெம்மேலிக்கு: வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வந்து, கேளம்பாக்கம், கோவளம் வழியாக ஈ.சி.ஆர் போய்ச் சேரலாம். பஸ் என்றால் திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் வண்டி. விடுமுறை நாள், இரவு டூர், விஷம் எடுக்கும் நேரம் மூன்றையும் முதல் நாளே விசாரிச்சிடுங்க.

காலையிலேயே கிளம்பிடுங்க. வெயில் ஏறினால் விலங்குகளும் நிழல் தேடிப் போய்விடும். பளிச் கலர் சட்டை, சென்ட், கேமரா ஃபிளாஷ் வேண்டாம். வழுக்காத ஷூ போடுங்க. ஊர்வன இருக்கும் இடத்தில் எதையாவது தொட்டால், சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவணும். அவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அஞ்சு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு அதனால் ஆபத்து அதிகம்.

இவ்வளவு செய்தும், போன அன்றைக்குப் பார்த்து விலங்கு வெளியே வராமல் போகலாம். கைடு “இன்னிக்கு அதுக்கு மூடு இல்லை, விட்டுடலாம்” என்று சொன்னால், காசு வீணாச்சேன்னு நினைக்காதீங்க. விலங்கின் விருப்பத்தை மதிக்கிற இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இன்னொரு நாள் போய்ப் பாருங்க!