கடைமடையில் எழுதப்படும் கணக்கு

ஆண்டுதோறும் பருவமழை கூடி அமராவதி அணையின் நீர்மட்டம் உயர்ந்ததும், தண்ணீர் திறப்பது பற்றிய அரசு அறிவிப்பு நாளிதழ்களில் ஒரு சிறு பத்தியாக வெளிவருகிறது. தாராபுரம் வட்டத்தில் வாழும் நாம், அதில் நம் வாய்க்காலின் பெயரையும் திறக்கும் தேதியையும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பத்தியில் பல நூற்றாண்டுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அந்த அறிவிப்பு நிலங்களை மூன்றாகப் பிரிக்கிறது. முதலில் வருபவை எட்டுப் பழைய இராஜவாய்க்கால்கள்: ராமகுளம், கல்லாபுரம், குமரலிங்கம், கணியூர், கடத்தூர், காரத்தொழுவு முதலிய ஊர்களின் பெயர் தாங்கியவை, அவற்றின் பாசனப் பரப்பு 7,520 ஏக்கர். அடுத்து அலங்கியம் தொடங்கிக் கரூர் வலதுகரை வரையுள்ள பத்து வாய்க்கால்கள், 21,867 ஏக்கர். தாராபுரம் இந்தப் பத்தின் நீளத்தில் அமைந்த ஊர். மூன்றாவது, அணை கட்டப்பட்ட பின்பு உருவான புதிய ஆயக்கட்டு, 25,250 ஏக்கர். பழையவற்றுக்கு முன்னுரிமை, புதியவற்றுக்கு அதன் பின்னரே என்பது நம் நாட்டுப் பாசனத்தில் வேரூன்றிய நெறி. அணை வருவதற்கு முன்பே ஆற்றின் குறுக்கே கல்லணைகள் கட்டி, தலைமுறை தலைமுறையாக உழுதவர்களின் உரிமையை, பின்னால் வந்த பொறியாளர்களும் அதிகாரிகளும் மறுக்கவில்லை. சுதந்திர இந்தியாவின் நீர் ஆட்சியைக் குறைகூறுவோர் பலர். இந்த ஒன்றையாவது அதன் நற்பெயர்க் கணக்கில் நாம் வரவு வைக்க வேண்டும்.

சங்கப் புலவர்கள் ஆன்பொருநை என்று அழைத்த ஆறு இது. ஆனைமலைக்கும் பழனிமலைக்கும் இடையே பிறந்து, உடுமலை வட்டத்தில் சமவெளியைத் தொட்டு, தாராபுரத்தைக் கடந்து, கரூருக்கு அப்பால் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கும்பினியார் கோவை நாட்டை இரண்டாகப் பிரித்தபோது, வடபகுதிக்குப் பவானியும் தென்பகுதிக்குத் தாராபுரமும் தலைமையிடங்களாயின. 1804இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டுக் கோவை தலைநகரானது. கச்சேரி போய்விட்ட ஊர் என்ற ஏக்கம் நம் முதியோர் பேச்சில் இன்றும் ஒலிப்பதுண்டு. அக்காலத்தில், 1800ஆம் ஆண்டில், இவ்வழியே பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், ஊர் ஊராக உழவையும் பாசனத்தையும் விசாரித்துக் குறிப்பெழுதினார். 1887இல் வெளிவந்த கோவை மாவட்டக் கையேட்டில் ஃபிரெடரிக் நிக்கல்சனும் அதே வேலையை இன்னும் விரிவாகச் செய்தார். ஆள வந்தவர்களுக்கு வரி வேண்டும். வரிக்கு விளைச்சல் வேண்டும். விளைச்சலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அவர்கள் அக்கறையின் அளவு அதுதான் என்றாலும், தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு செய்தியும் நினைக்கத்தக்கது. 1910இல் கரூர் வட்டம் திருச்சி மாவட்டத்துக்கு மாற்றப்படும்வரை, உடுமலை, தாராபுரம், கரூர் ஆகிய மூன்று வட்டங்களும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. சமவெளியில் அமராவதி ஓடும் வழியின் பெரும்பகுதி ஒரே கலெக்டரின் பார்வையில் இருந்தது. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே வாசலில் மனு கொடுத்தனர். பின்னர் 1979இல் தாராபுரம் ஈரோட்டை மையமாகக் கொண்ட புதிய மாவட்டத்துக்குச் சென்றது. 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்கு வந்தது. ஆறு தன் போக்கை மாற்றவில்லை. ஆற்றைக் கணக்கிடும் எல்லைகள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1950களின் இறுதியில், அமராவதி அணை கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 90 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 4 டி.எம்.சி. மேலே சொன்ன மூன்று பரப்புகளையும் கூட்டினால் 54,637 ஏக்கர் ஆகிறது. நல்ல மழையாண்டில் உபரி நீர் ஆற்றில் பெருகியோடும். மழை பொய்த்த ஆண்டில் இத்தனை நாள் திறப்பு, இத்தனை நாள் அடைப்பு என்று சுற்று வைத்து, நிலைப்பயிரைக் காக்க உயிர்த்தண்ணீர் கேட்டு உழவர்கள் அலுவலகங்களின் படியேற வேண்டியிருக்கும். ஆகவே, ஓர் ஆற்றின் நிர்வாகத்தை எங்கே நின்று மதிப்பிடுவது என்ற வினா இங்கே எழுகிறது. அணையின் நீர்மட்டப் பலகையில் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். பத்து வாய்க்கால்களின் கடைசி மடையில் நிற்பவருக்குத் தெரிவது வேறு. அணையின் கணக்குப் புத்தகம் எவ்வளவு திறந்தோம் என்று எழுதுகிறது. எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதைக் கடைமடையில்தான் கேட்டறிய வேண்டும்.

இந்த வினாவை இன்னும் கூர்மையாக நம்முன் வைப்பது, நம் மாவட்டத்தின் மற்றோர் ஆறாகிய நொய்யல். தாராபுரத்திலிருந்து வடக்கே காங்கேயம் வழியாகச் சென்றால் அதன் கரையை அடையலாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் சேரும் சிற்றாறு அது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை ஒன்று 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்றைய ஈரோடு, கரூர் மாவட்டங்களில் சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம்.

ஆனால் அணை எழும்பிய அதே ஆண்டுகளில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியும் எழும்பியது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் பெருகின. துணியை வெளுக்கவும் சாயம் பிடிக்கச் செய்யவும் பயன்பட்ட உப்பும் இரசாயனமும் கழிவுநீரோடு ஆற்றில் இறங்கின. ஆறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழில்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று தமிழக அரசு 1989இலேயே ஆணை பிறப்பித்திருந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதலே இயங்கியது. சட்டம் இருந்தது, வாரியம் இருந்தது, அணையும் இருந்தது. ஒரு துறை பாசனத்துக்கென்று நீரைத் தேக்க, மற்றொரு துறை தடுக்கத் தவறிய கழிவு அதிலேயே வந்து தேங்கியது. முடிவில், எந்த உழவர்களுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே, இந்தத் தண்ணீரை எங்கள் வயலுக்குத் திறக்க வேண்டாம் என்று மன்றாடும் நிலை வந்தது. அணை கட்டிய நாட்டின் வரலாற்றில் இதைவிட விசித்திரமான மனு வேறு உண்டா என்று தெரியவில்லை.

அவர்கள் மன்றாடியதோடு நிற்கவில்லை. சங்கம் அமைத்து வழக்காடினார்கள். வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, சூழல் இழப்பை மதிப்பிட்டு இழப்பீடு வழங்கும் ஆணையம் ஒன்று தமிழகத்தில் அமைந்திருந்தது. அந்த ஆணையம் நொய்யல் பகுதியையும் ஆராய்ந்தது. 68 கிராமங்களில் 28,596 உழவர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றும், 2004 வரையிலான காலத்துக்கு அவர்களுக்குச் சேரவேண்டியது 24 கோடியே 79 இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் என்றும் அது கணக்கிட்டது. தொகை பெரிதாகத் தோன்றுகிறது. வகுத்துப் பார்ப்போம்: ஒரு குடும்பத்துக்குச் சராசரி ஒன்பதாயிரம் ரூபாயைக்கூட எட்டவில்லை. கிணற்று நீர் கரித்துப்போன தோட்டத்துக்கும், காய்ப்பு நின்ற தென்னைக்கும், குடிக்க மறுத்த மாட்டுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆயினும் அந்தக் கணக்கை நாம் அற்பமாக எண்ணக்கூடாது. ஓர் ஆற்றின் நிர்வாகத்தைக் கடைமடையில் நின்று, ஊர் ஊராக, ஆள் ஆளாக எண்ணி மதிப்பிட்ட அரிய முயற்சி அது. ஆள வேண்டிய துறைகள் செய்யாததை நீதிமன்றத்தின் நிழலில் ஓர் ஆணையம் செய்தது.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாத நிலையைப் பட்டறைகள் அடையவேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை உயரும் தண்டமும் விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதன் கருத்தை உறுதிசெய்தது. கெடுக்கள் கடந்தன. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த மாதங்களில் வேலை இழந்து ஊர் திரும்பியோர் எத்தனையோ பேர். நம் பங்குகளிலும், அப்பன் நிலத்தை உழ, மகன் பனியன் கம்பெனிக்குப் பேருந்து ஏறும் குடும்பங்கள் குறைவல்ல. ஒரே வீட்டின் ஒரு கை மற்றொரு கையின் மீது தொடுத்த வழக்காகவே அது பல இல்லங்களில் உணரப்பட்டது. தொழிலைப் பழித்துவிட்டு உழவைப் போற்றுவது நமக்கு எளிது. ஆனால் அந்த வீடுகளில் அது எடுபடாது. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் செம்மைப்படுத்தப்பட்டு, நீரை மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை நிலைபெற்றது. நீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் அதன்பின் தலைதூக்கியது.

உலகில் வேறெங்கும் இப்படி நிகழவில்லை என்று எண்ணவேண்டாம். ஜெர்மனியின் நிலக்கரிப் பகுதியில் எம்ஷர் என்றோர் ஆறு உண்டு. சுரங்கங்களால் நிலம் தாழ்ந்துகொண்டே இருந்ததால் அங்கே பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதிக்க இயலவில்லை. 1899இல் கரையோர நகரங்களும் தொழில்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவு அமைப்பை உண்டாக்கி, அந்த ஆற்றையே திறந்த சாக்கடையாக்கிவிட்டன. பக்கத்திலுள்ள ரூர் ஆற்றைக் குடிநீருக்காகக் காக்க 1913இல் தனிச் சங்கம் ஏற்பட்டது. ஓர் ஆற்றைப் பலியிட்டு மற்றொன்றைக் காத்தார்கள். ஆனால் பலியிட்டதை அவர்கள் மறைக்கவில்லை. கழிவு விடுவோர் அனைவரும் உறுப்பினராகிக் கட்டணம் செலுத்தினர், கணக்கு ஒரே மேசையில் இருந்தது. சுரங்கங்கள் ஓய்ந்தபின் 1992இல் எம்ஷரை மீட்கும் பணியைத் தொடங்கி, 500 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு, 2021இன் இறுதியில் கழிவுநீர் கலப்பதை முற்றிலும் நிறுத்தினார்கள். நாம் ஒரத்துப்பாளையத்தில் தேக்கத் தொடங்கிய ஆண்டும் அதே 1992தான்.

அத்தகைய மேசை நம் நாட்டிலும் எண்ணிப் பார்க்கப்பட்டதே. மாநிலங்களுக்கு இடையேயான ஆறுகளுக்கு வாரியங்கள் அமைக்க 1956இலேயே நாடாளுமன்றம் நதி வாரியச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ் ஒரு வாரியமும் அமைக்கப்படவில்லை. அதே ஆண்டில் இயற்றப்பட்ட நதிநீர்த் தகராறுச் சட்டத்துக்கோ வேலை ஓயவில்லை.

குடிநீரின் கதை தனி. தன் ஆற்றை இழந்த திருப்பூர், பவானிப் பக்கத்திலிருந்து நீர் கொணர வேண்டியதாயிற்று. அதற்கென 1995இல் அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை உருவாக்கினர், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்கும் திட்டம் 2005இல் செயற்பட்டது. தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்க, அந்த வருவாயின் பலத்தில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் நீர் தரலாம் என்பது அதன் அடிப்படை. 2011இல் பட்டறைகள் மூடப்பட்டபோது அந்த அடிப்படையே ஆட்டங்கண்டது. ஆற்றின் தூய்மையும் குழாயின் வரவுசெலவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை முன்பே எவரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருக்க வேண்டியவர் யார்? குடிநீர்த் திட்டத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியம், தெருக்குழாய்க்கு நகராட்சி, கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அணைக்கு 2021இல் தனித்துறையாக்கப்பட்ட நீர்வளத் துறை. ஒவ்வொன்றும் தன் பங்கைச் செய்தேன் என்று சான்று காட்டலாம்.

மீண்டும் அமராவதிக்கு வருவோம். அதன் தலைநீரில் ஒரு பகுதி கேரளத்தின் மறையூர், காந்தளூர் மலைகளில் பிறந்து பாம்பாறாக இறங்குகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. இந்தப் பாம்பாற்றுப் பகுதிக்குரியது; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. 2014இல் பட்டிசேரியில் கேரளம் அணை கட்டத் தொடங்கியபோது நம் உழவர்கள் கலங்கியது இயல்பே. கீழே கரூரிலோ, சாயப்பட்டறைகளின் கழிவு அமராவதியையும் தொட்டிருக்கிறது. மேலே அளவைப் பற்றிய அச்சம், கீழே தரத்தைப் பற்றிய புகார், இடையில் தாராபுரம். அடுத்த திறப்பு அறிவிப்பு வரும்போதும் அதில் மூன்று எண்கள் இருக்கும்: 7,520, 21,867, 25,250. கடைசி மடைக்கு எத்தனையாம் நாள் நீர் வந்தது, எந்த நிறத்தில் வந்தது என்று எழுதுவதற்கு அந்தப் பத்தியில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.