புகைக்கு ஒரு பட்டை

தில்லி வந்த புதிதில் கிரீன் பார்க்கில் மூடிக்கிடந்த உபஹார் தியேட்டரைக் காட்டினார்கள். 1997 ஜூன் 13, 'பார்டர்' படம் ஓடும்போது தரைத்தளத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தது. பால்கனிக்காரர்களைக் கொன்றது நெருப்பல்ல, மாடிப்படி வழியே ஏறிய புகை. 59 பேர். 2011-ல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தீ அடித்தளத்தில், சாவு மேல்மாடிகளில்; 90 பேருக்கு மேல்.

தீத்தடுப்புக் கதவின் ஓரத்தில் ஒரு பட்டை இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? சுமார் 200 டிகிரியில் உப்பி இடுக்கை அடைக்கும். புகை அதுவரை காத்திருக்குமா? சூடு வருமுன்பே நுழைந்துவிடும். அதற்காகத்தான் கூடவே ரப்பர் நாக்கோ பிரஷ்ஷோ வைப்பது. (பெயிண்டர்கள் அதன்மேலும் ஒரு கோட்டிங் அடித்துவிடுவார்கள்!)

எங்கள் அபார்ட்மெண்ட் மாடிப்படிக் கதவுக்கு யாரோ காற்றுக்காகச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்துப் போட்டேன். மறுநாள் திரும்ப வந்துவிட்டது.