நமீபியா: அரணாக நின்ற பாலைவனம்

நமீபியாவின் அத்திலாந்திக் கரையில் கடலும் பாலைவனமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. தெற்கிலிருந்து வரும் பெங்குவேலா குளிர்நீரோட்டம் அங்கே மூடுபனியைத் தருகின்றது, மழையைத் தருவதில்லை. 1486இல் போர்த்துக்கேய மாலுமி டியோகோ காவோ இக்கரையில் கற்சிலுவையொன்றை நாட்டியதோடு சரி. குடிநீரற்ற அம்மணற்பரப்பே ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் உள்நாட்டு மக்களுக்கு அரணாக நின்றது.

1884இல் ஜேர்மனி அந்நிலத்தைத் தன் ஆளுகைக்குட்பட்டதாக அறிவித்தது. நிலத்தையும் கால்நடைகளையும் இழந்துவந்த ஹெரேரோ மக்கள் 1904இல் கிளர்ந்தெழுந்தனர். வாட்டர்பேர்க் சமரின் பின்னர் ஜெனரல் வொன் ட்ரோத்தாவின் படைகள் அவர்களைக் கிழக்கேயுள்ள ஒமஹேக்கே வரண்ட நிலத்துக்குள் துரத்தி, நீர்நிலைகளுக்குத் திரும்பும் வழிகளை அடைத்தன. ஆயிரக்கணக்கானோர் தாகத்தால் மடிந்தனர்.

மேற்கே அரணாயிருந்த வரட்சி கிழக்கே கொலைக்கருவியாக்கப்பட்டது. அதனை இனப்படுகொலையென ஜேர்மனிய அரசு முறைப்படி ஒப்புக்கொண்டது 2021இலேதான்.