அகராதியில் வந்தியத்தேவன்

சொல்லுக்குப் பொருள் உரைப்பதோடு அகராதியின் கடமை முடிந்துவிடுவதில்லை. அப்பொருளில் அச்சொல்லை ஆண்டவர் யார், ஆண்ட காலம் எது என்பதற்குச் சாட்சி காட்டுவதும் அதன் கடமையே. 1884-ஆம் ஆண்டு முதற் பகுதியும் 1928-ஆம் ஆண்டு இறுதிப் பகுதியும் கண்ட ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, ஏறத்தாழ 18 லட்சம் மேற்கோள்களைக் கால வரிசையில் அடுக்கியது. ஷேக்ஸ்பியருக்கு அடுத்தபடியாக அதில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்றவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939-இல் அநுபந்தம் சேர்ந்தது. ஆயினும் அதன் சாட்சிகள் பெரும்பாலும் செய்யுட்களே. 1879-ஆம் ஆண்டிலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளை தமிழுக்கு நாவல் தந்துவிட்டார். இருந்தும், பேச்சு வழக்கு என்ற குறியைத் தாங்கி, மேற்கோளின்றி நின்ற சொற்கள் அவ்வகராதியில் பல.

நாம் பணிபுரியும் பெங்களூரில், 1915-இல் தோன்றிய கன்னட சாகித்திய பரிஷத்து 1970 முதல் 1995 வரை எட்டுத் தொகுதிகளாகக் கன்னட நிகண்டை வெளியிட்டது. நூற்று ஏழு ஆண்டு வாழ்ந்து 2021-இல் மறைந்த ஜி. வெங்கடசுப்பையா அதன் ஆசிரியர்களுள் தலைமையானவர். கல்வெட்டுக்கும் இலக்கியத்துக்கும் அதில் ஒரே பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள். அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்த்துக் காலம் கழிக்கும் நம்மனோர்க்கு இது சற்றுப் பொறாமை தரும் காட்சிதான்.

தமிழில் அக்குறையை ஓரளவு நீக்க முன்வந்தது இணையம். தன்னார்வலர் தொகுக்கும் தமிழ் விக்சனரியில் பல சொற்களுக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ சாட்சியாக நிற்கக் காணலாம். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடர்ந்து வந்த நாவல் அது. அவர் எழுத்துக்கள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன, எடுத்தாள்வதற்குத் தடையில்லை. மக்கள் விரும்பிப் படித்த உரைநடை அகராதி ஏறுவதை நாம் மனமார வரவேற்கிறோம்.

எனினும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘வேளக்காரப் படை’ என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். நாவலின் முதற் பாகத்தில் ஓர் அத்தியாயத்துக்கே அது தலைப்பு. உயிர் கொடுத்தும் மன்னனைக் காப்பதாகச் சூளுரைத்த வீரர்களை அது குறிக்கும். கதை நிகழ்வது பத்தாம் நூற்றாண்டில். எழுதியதோ இருபதாம் நூற்றாண்டில். மேற்கோளின் கீழ் ஆண்டு இல்லையேல், சுந்தர சோழர் அரண்மனையில் ஒலித்த சொல்லையே கேட்டதாக மாணவன் மயங்குவான். கல்கி வரலாற்று நூல்களைக் கற்றே எழுதினார் என்பது மெய். ஆனால் வந்தியத்தேவன் பேசும் தமிழ் கல்கியின் தமிழே அன்றிச் சோழர் காலத் தமிழ் அன்று.

பழமைக்குச் சாட்சி வேண்டுமாயின் கல்லிடம் போகவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டுகள் ‘வேளைக்கார’ப் படைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. இலங்கையில் பொலன்னறுவையில் உள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டும் வேளைக்காரரைப் பேசுகிறது. கல்லில் ‘வேளை’; நாவலில் ‘வேள’. ஓர் ஐகாரம் எங்கே, எப்போது உதிர்ந்தது என்று ஆராய விரும்புவோர்க்கு இரண்டு சாட்சிகளும் ஆண்டோடு அருகருகே நிற்கவேண்டும்.

இடஞ்சுட்டுவதிலும் கவனம் தேவை. பல பதிவுகளில் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டுமே உள்ளன. பக்க எண் உதவாது; நாட்டுடைமையான பின் பதிப்பகத்துக்கு ஒரு பதிப்பு, பதிப்புக்கு ஒரு பக்கம். அத்தியாய எண் மட்டும் சொன்னாலும் போதாது; ஐந்து பாகங்களிலும் அது ஒன்றிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே ‘பொன்னியின் செல்வன், பாகம் 1, அத்தியாயம் 22, 1950-54’ என்று எழுதி, அதற்கு மேலே கல்வெட்டுச் சான்றை அமைப்பதே முறை.