பிணவும் குருளையும்: நாய் வாணிகத்தின் வரலாறு

திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர் உண்டு. அங்குக் கிடைத்த நடுகல் ஒன்று பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி எனக் கொள்ளலாம். எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பின்னே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துத் தலைவனைக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்துக் கூறுகிறது. பேரரசர் பலரின் தேவியர் பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை. ஒரு சிற்றூர் நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கிறது.

தமிழ் இலக்கணமும் நாயைப் புறக்கணிக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும் இடத்தில் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் ‘குருளை’ என்னும் பெயரைக் கூறுகிறது. பெண்மைப் பெயர்களை வகுக்கும்போது பன்றி, புல்வாய், நாய் ஆகியவற்றுக்குப் ‘பிணவு’ என்பதை உரிமையாக்குகிறது. தாய்க்கு ஒரு சொல், சேய்க்கு ஒரு சொல். பிற்காலத்தில் குருளையின் இடத்தைக் குட்டி பிடித்துக்கொண்டது. பிணவோ வழக்கொழிந்து அகராதியில் ஒடுங்கிவிட்டது. நாய் வாணிகத்தின் வரலாறும் ஏறத்தாழ இதுவே. குட்டி கடைவாசலுக்கு வந்தது. ஈன்ற தாய் கண்ணுக்கு மறைந்தது.

பழைய ஏற்பாட்டில் இத்தகைய மறைவுக்கு இடம் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்துத் தோட்ட லயங்களில் நாயை விலை கொடுத்து வாங்கியவர் அரியர். ஒரு வீட்டு வாசலில் நாய் ஈன்றால் அடுத்த வீட்டார் கேட்டு எடுத்துக்கொள்வர். தாய் அதே லயத்தில்தான் சுற்றித் திரியும். அது நோஞ்சானா, கடிக்குணம் உடையதா, எத்தனை முறை ஈன்றது என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. தமிழகத்தின் தென்பகுதியில் கன்னி என்னும் வேட்டை நாயினத்தை வளர்ப்போர் குட்டியை விற்பதில்லை என்றும், நன்கு பேணுவதாக வாக்குப் பெற்ற பின்னரே கொடுப்பர் என்றும் சொல்வதுண்டு. அக்காலத்தில் நாய்கள் எல்லாம் சுகமாக வாழ்ந்தன என்று இதற்குப் பொருளன்று. பட்டினியும் கல்லடியும் அவற்றுக்கு நிறையவே கிடைத்தன. ஆனால், ஈனுவதையே ஒரு தொழிலாக்கி அதற்கென ஓர் உயிரைக் கூண்டில் வைக்கும் வழக்கம் அன்று இல்லை.

இந்த மாற்றத்தின் வித்து இங்கிலாந்தில் ஊன்றப்பட்டது. 1859-ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சியே இக்கால முறையிலான முதற் கண்காட்சி என்பர். 1873-இல் இலண்டனில் நாய் வளர்ப்போர் கழகம் தோன்றியது; வமிசாவளிப் பதிவேடுகளும் தொடர்ந்தன. அதுவரை ஓட்டத்துக்கும் காவலுக்கும் மோப்பத்துக்கும் மதிக்கப்பெற்ற நாய், தோற்றத்துக்கும் பதிவுத் தாளுக்கும் மதிக்கப்பெறலாயிற்று. தாளுக்கு விலை ஏறினால் குட்டிக்கும் விலை ஏறும். குட்டிக்கு விலை ஏறினால் தாய்க்கு ஓய்வு குறையும்.

இராஜபாளையம் நாயின் கதை தமிழர் அறிய வேண்டியது. பாளையக்காரர் காலத்து வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம் அது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாயினங்களுக்கென வெளியிட்ட அஞ்சல் தலைகளில் அதற்கும் இடம் கிடைத்தது. இவ்வினத்தில் வேறு நிறங்களும் உண்டு. ஆயினும் விலைக்கு வாங்குவோர் விரும்பியது பால்போன்ற வெண்ணிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையுமே. வெள்ளையோடு வெள்ளையை இணைத்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினர். விளைவு, செவிட்டுக் குட்டிகள். உட்செவி செவ்வனே இயங்க நிறமிச் செல்கள் தேவை. தோலில் நிறத்தைத் துறக்கும் இனங்களில் அச்செல்கள் செவியிலும் இல்லாமற் போவதுண்டு. வெண்மையில் கரும்புள்ளி கொண்ட டால்மேஷியன் இனத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நாய்கள் ஒரு செவியிலோ இரு செவியிலோ கேளாதவை என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. காவலுக்குப் பேர்போன நாய் காலடி ஓசை கேளாமல் உறங்குகிறது. எவரும் அதை அடிக்கவில்லை, பட்டினியும் போடவில்லை. கொடுமை அது பிறக்கும் முன்னரே முடிந்துவிட்டது.

சென்னையில் நாய் வாணிகம் நெடுங்காலம் மூர் மார்க்கெட்டை ஒட்டி நடைபெற்றது. ரஜூலா கப்பலில் சென்னை சென்று இறங்கிய பினாங்குத் தமிழர் பழைய புத்தகம் தேடி அங்குப் போனபோது, கிளிக்கூண்டுகளுக்கு நடுவே நாய்க்குட்டிகளையும் கண்டிருப்பர். 1985-இல் அச்சந்தை தீக்கிரையாயிற்று. வாணிகம் மட்டும் எரியவில்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கு இடம் பெயர்ந்தது.

நாட்டு நாயினங்கள் அருகி வருவதைக் கண்ட தமிழக அரசு, 1980-களின் தொடக்கத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையின் கீழ்ச் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றை நிறுவியது. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய இனங்களைக் காத்து, குட்டிகளைப் பொதுமக்களுக்கு விற்பது அதன் பணி. நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கு நாய்கள் உரிய முறையில் பேணப்படவில்லை என்று விலங்கு நல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவை மூடுமாறு ஆணையிட்டது. அடுத்த ஆண்டு சல்லிக்கட்டுக் கிளர்ச்சியின்போது இம்மூடுவிழா மீண்டும் பேசப்பட்டது. நாட்டு இனங்களை அழிக்கும் சூழ்ச்சி இது எனப் பலர் கொதித்தனர். இனம் அழியக்கூடாது என்னும் கவலை நியாயமானதே. எனினும் இனம் என்பது ஒரு பெயர். நோவது தனித்தனி நாய். இனத்தைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்த இனத்து நாயை வாட்டலாம் என்றால், காக்கப்படுவது எது?

நாய் ஈனுவதைப் பெருந்தொழிலாக்கிய பெருமை, அதைப் பெருமை என்று சொல்லலாமானால், அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களுக்கே உரியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிசூரி, கான்சஸ், அயோவா முதலிய மாநிலங்களின் உழவர் பலர் கோழிக்கொட்டகைகளை நாய்க்கொட்டகைகளாக்கினர். சோளம் பொய்த்தாலும் குட்டி பொய்க்காது என்பது கணக்கு. 1966-இல் தோன்றிய அமெரிக்க விலங்கு நலச் சட்டம், 1970-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இத்தொழிலையும் எட்டியது. அதன் விதிகளில் கூண்டின் அளவுக்கு ஒரு வாய்பாடு உண்டு. நாயின் மூக்கு நுனி முதல் வாலடி வரை அளந்து, அதனோடு 6 அங்குலம் கூட்டி, வரும் எண்ணை வர்க்கம் செய்ய வேண்டும். 30 அங்குல நாய்க்கு 36 அங்குலச் சதுரம், அதாவது 9 சதுர அடி. நெடுங்காலம் இதுவே சட்டப்படி போதிய இடம். ஒரு பிணவு தன் இளமை முழுவதையும் இதற்குள் கழித்தாலும் விதி மீறப்பட்டதாகாது.

இப்பண்ணைகளின் மறுபக்கமே நாய் ஏலம். மிசூரியின் வீட்டன் என்னும் சிற்றூர் இவ்வேலங்களுக்குப் பேர்போனது. பண்ணையை மூடுவோரும் மிகையான நாய்களைக் கழிப்போரும் அங்குக் கொண்டுவருவர். நாயை மேசைமேல் ஏற்றி அதன் எண்ணைக் கூறுவர், பெயர் இராது. வயது, முன் ஈன்ற ஈற்று, இப்போது சினையா என்பவற்றை அறிவித்து விலை கேட்பர். சினையானால் விலை கூடும். ஈற்று ஓய்ந்த கிழப் பிணவு சில டாலருக்குப் போகும். 2010-இல் மிசூரி மக்கள் வாக்கெடுப்பின் மூலம் ஒரு பண்ணைக்கு 50 இனப்பெருக்க நாய்களே இருக்கலாம் என்று வரம்பு கட்டினர். அடுத்த ஆண்டே சட்டமன்றம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. இதனினும் வியப்பானது மற்றொன்று. நாய்களை மீட்க விரும்பிய அன்பர்கள் நன்கொடை திரட்டி அந்த ஏலங்களில் விலை கேட்கத் தொடங்கினர். இத்தகைய குழுக்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டதை 2018-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் வெளியிட்டது. மீட்போரும் போட்டியிட்டதால் விலை ஏறியது. ஏறிய விலை பண்ணைக்காரனுக்கு ஊக்கமாயிற்று. இரக்கமும் சந்தையில் ஒரு வாடிக்கையாளர் ஆகிவிட்டது!

இனிச் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேற முன்னின்றவர் நாட்டியக் கலைஞர் ருக்மிணிதேவி அருண்டேல். அச்சட்டப்படி அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். ஆனால் முதற் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் தொகை மாறவில்லை. மலாயாவில் 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டம் விதித்த உச்ச அபராதம் 200 வெள்ளி. 2013-இல் திருத்தப்படும் வரை அதுவே நிலைத்தது. உயர்சாதிக் குட்டி ஒன்று ஆயிரக்கணக்கில் விலை போகும் ஊரில், தாயை வதைப்பதற்குரிய அபராதம் குட்டியின் விலையில் சிறுபகுதியே. வணிகன் இதைத் தண்டனையாகக் கருதுவானா, செலவுக் கணக்கில் எழுதுவானா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

2015-இல் மலேசிய நாடாளுமன்றம் இயற்றிய விலங்கு நலச் சட்டம் 2017-இல் நடப்புக்கு வந்தது. வதைக் குற்றத்துக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விலங்குகளை வைத்து வாணிகம் செய்வோர் உரிமம் பெற வேண்டும். அதே 2017-இல் இந்தியா நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய விதிகளை வெளியிட்டது. 18 மாதம் நிரம்பாத பெண் நாயை இனப்பெருக்கத்தில் ஈடுபடுத்தலாகாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. இவ்விதிகளில்தான் பிணவு இந்தியச் சட்டத்தின் கண்ணில் படுகிறது.

இங்கிலாந்து இன்னும் ஓரடி முன்னே சென்றது. வேல்ஸ் நாட்டுப் பண்ணையொன்றிலிருந்து 2013-இல் மீட்கப்பட்ட லூசி என்னும் பிணவின் பெயரால் வழங்கும் சட்டம் 2020 ஏப்ரல் 6-இல் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியைக் கடையிலோ தரகரிடமோ வாங்க இயலாது. வளர்த்தவரிடமே போக வேண்டும். குட்டி பிறந்த இடத்தில், தாயின் அருகில் வைத்து, அதைக் காட்டியாக வேண்டும்.