ஒரியண்டல் வங்கியின் வீழ்ச்சியும் வைப்பாளர் நிலையும்

1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, சனிக்கிழமை, ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் பணங் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. அந்நாளில் இலங்கையில் வழங்கிய கடதாசி நாணயத்திற் பெரும்பகுதி இவ்வங்கி வெளியிட்டதாகும். ஆகவே, வங்கியில் ஒரு சதமும் வைப்பிலிடாத ஏழையுங்கூடத் தன் மடியிலிருந்த நோட்டு வெறுங் கடதாசியாகிவிடுமோ என்று அஞ்ச நேர்ந்தது.

வீழ்ச்சிக்கு வித்திட்டது கோப்பித் தோட்டம். 1869இல் தோன்றிய இலைநோய் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. தோட்டங்களை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கிய வங்கியின் கையில் எஞ்சியவை விலைபோகாத நிலங்களே. இந்நிலையைக் காலத்தோடு கண்டறிந்து மக்களுக்கு உரைக்கவல்ல அதிகாரி கொழும்பில் எவருமிலர். 1851இல் முடியரசின் பட்டயம் பெற்ற அவ்வங்கியின் தலைமையகம் இலண்டனில் இருந்தது. அதன் பெயரும் பட்டயமுமே இலங்கையில் அதற்குரிய பிணையாக விளங்கின.

தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் பதவியேற்று அரையாண்டும் நிறைந்திலது. எனினும் அவர் இலண்டனின் முன்அனுமதிக்குக் காத்திராமல், ஒரியண்டல் வங்கி நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று தம் துணிவில் அறிவித்தார். கலவரம் தணிந்தது. 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் நாணய ஆணையாளர் சபை அமைந்தது. மறு ஆண்டு முதல் அரசாங்க நோட்டுகள் வழங்கலாயின.

கோர்டன் பொறுப்பேற்றது நோட்டுக்கு மாத்திரமே என்பது பலரும் கவனியாத செய்தி. வங்கியில் வைப்பிட்டவர் அப்பாதுகாப்பின் புறத்தே நின்றனர். கலைப்பு நடவடிக்கையில் தமக்குரிய பங்கு வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரே வங்கியை நம்பிய இருவருள் நோட்டை வைத்திருந்தவன் தப்பினான். கணக்கை வைத்திருந்தவன் தவித்தான். அரசு எதைக் கண்காணிக்கிறது, எதற்குப் பொறுப்பேற்கிறது என்னும் வினா அன்றே எழுந்தது.

1950இல் மத்திய வங்கி தோன்றிய பின்னரும் அவ்வினா ஓயவில்லை. கோட்டையிலிருந்து கல்கிசை வரை காலி வீதியிற் செல்வோர் நிதிக் கம்பனிகளின் பெயர்ப்பலகைகள் பலவற்றைக் காண்பர். பலகையின் பொலிவு அனுமதிப்பத்திரத்துக்கு ஈடாகாது. 2008ஆம் ஆண்டு டிசம்பரில் ‘கோல்டன் கீ’ என்னும் கடனட்டைக் கம்பனி நொடித்தபோது ஏறத்தாழ 9,000 பேரின் 2,600 கோடி ரூபா முடங்கியது. அக்கம்பனி நிதிக் கம்பனியாகப் பதிவு பெற்றதன்று. எனவே மத்திய வங்கியின் வழக்கமான மேற்பார்வைக்குள் அது வரவில்லை. ஆயினும் மக்களிடம் பகிரங்கமாகப் பணம் பெற்றுவந்தது. பதிவில்லாததைக் கண்டுபிடிப்பதும் கண்காணிப்போரின் கடமையன்றோ என்று கேட்க வைப்பாளருக்கு நியாயமிருந்தது. அவர்கள் அடிப்படை உரிமை மனுக்களுடன் உயர் நீதிமன்றத்தை நாடினர். 1884இன் வைப்பாளருக்கு அவ்வாயில் இருந்ததில்லை.

அனுமதியின்றி வைப்புப் பெறுவோரை விசாரிக்கும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் மத்திய வங்கிக்குத் தெளிவாக வழங்கியது. அதற்குச் சற்று முன்னர், 2010 ஒக்டோபரில், வைப்புக் காப்புறுதித் திட்டம் தொடங்கியிருந்தது. முதலில் 2 இலட்சம் ரூபாவாக இருந்த அதன் எல்லை 2021இல் 11 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களில் இட்ட வைப்புகளுக்கே அக்காப்புறுதி உரியது.