முதல் தாம்பூலமும் உடையார்பாளையத்து அடைக்கலமும்

தமிழ்ச் சமணர்களின் மங்கல நிகழ்ச்சிகளில் தாயனூர் உடையார் மரபினர்க்கு முதல் தாம்பூலம் அளித்துச் சிறப்பிக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. மேல்சித்தாமூர் மடத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்குங்காலும் அம்மரபினரின் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. 1906ஆம் ஆண்டில் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இவ்விரண்டையும் பதிவு செய்துள்ளது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்களும் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் இவற்றின் பின்னணியான செஞ்சி நிகழ்ச்சியை எடுத்துரைத்துள்ளார். அந்நிகழ்ச்சியை நினைவுகூரும்போது கொடுமை செய்தவன் பெயரும், சமயத்தை மீட்டவர்கள் பெயரும் தவறாமல் சொல்லப்படுகின்றன. இடையில் ஒருவர் இடந்தந்தார் என்பது மட்டும் ஒரு வரியில் கடந்துபோகிறது.

செஞ்சியில் நேர்ந்த இடர்

மரபுச் செய்தியின்படி ஏறத்தாழ 1478ஆம் ஆண்டில் செஞ்சியை வெங்கடபதி என்னும் நாயக்கர் ஆண்டுவந்தார். உயர்குலத்துப் பெண்ணை மணக்க விரும்பிய அவர், முதலில் அந்தணரிடம் பெண் கேட்டார். சமணர் கொடுத்தால் தாங்களும் கொடுப்பதாக அவர்கள் விடை கூறினர். அடுத்துச் சமணரிடம் கேட்டபோது, அவர்கள் உடன்பட்டவர்போல நடித்து நாள் குறித்தனர். மணநாளில் ஆரவாரத்துடன் சென்ற மன்னர், ஆளற்ற வீட்டையும் திண்ணைத் தூணில் கட்டியிருந்த ஒரு பெண் நாயையுமே கண்டார். சினங்கொண்ட அவர், சமணர்களின் தலைகளைக் கொய்ய ஆணையிட்டார்.

அவர் செய்தது பெருங்கொடுமை. எனினும், குலத்தைக் காரணமாகக் கொண்டு ஒருவரை நாயைக் காட்டி இகழ்ந்ததும் அகிம்சை நெறிக்கு இயைந்த செயல் ஆகாது. சமணர் காத்துவந்த மரபே இதனை மறைக்காமல் சொல்கிறது என்பது போற்றத்தக்கது. துன்பத்தில் தள்ளப்பட்டவர்கள் குற்றமே அற்றவர்களாக இருந்தால்தான் உதவிக்கு உரியவர்கள் என்பதில்லை. அன்று உதவியவரும் அவ்வாறு எண்ணிப் பார்க்கவில்லை.

பலர் கொல்லப்பட்டனர். சிலர் ஊரைவிட்டு ஓடினர். சிலர் மறைவில் தம் நெறியைப் பின்பற்றினர். வேறு பலர் உயிர்பிழைக்கும் பொருட்டுப் பூணூலைக் களைந்து நெற்றியில் நீறணிந்தனர். ‘நீறுபூசி வேளாளர்’ என்னும் பெயர் அந்நிகழ்ச்சியின் எச்சமாக நின்றது.

இருவகை விடுதலை

திண்டிவனத்தை அடுத்த வேலூரில், நீர்நிலை ஒன்றில் சமண முறைப்படி கடன்களைச் செய்துகொண்டிருந்த ஒருவர் காவலரிடம் அகப்பட்டார். அன்று மன்னருக்கு மகப்பேறு வாய்த்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் அவர் பிடிபட்டவரை விடுவித்தார். மயிரிழையில் உயிர்தப்பியவர் துறவு பூண எண்ணிச் சிரவணபெளகொளா சென்று, சமண நூல்களைக் கற்றார். அவரே வீரசேனாசாரியார்.

ஏறத்தாழ அதே காலத்தில் தாயனூரைச் சேர்ந்த காங்கேய உடையார் தெற்கே ஓடினார். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு ஆகியவற்றைக் கடந்தால் வருவது உடையார்பாளையம். அந்நாளில் அது அடர்ந்த காடுகளுக்கு இடையே அமைந்திருந்த பாளையம். அங்கிருந்த தலைவர் அவரை ஆதரித்து, குடியிருந்து பிழைக்க நிலமும் அளித்தார்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் உயிர் பிழைத்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. செஞ்சி மன்னர் விடுவித்தது தம் இல்லத்து மகிழ்ச்சியால். மறுநாள் அவர் மனம் மாறியிருக்கவும் கூடும். உடையார்பாளையத்தாருக்கோ அத்தகைய காரணம் ஏதுமில்லை. வந்தவர் உறவினர் அல்லர்; தம் சமயத்தவர் அல்லர்; கைம்மாறு செய்யும் நிலையிலும் இல்லை. அண்டை ஆட்சியாளரின் சினத்துக்கு இலக்கான ஒருவரை ஏற்பது தமக்கும் தீங்கு தேடுவதாகும். அதனை அறிந்தே கதவு திறக்கப்பட்டது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமண நூல்கள் கூறும். அவற்றுள் அபயதானத்தைச் சமணர் ஒருவர்க்குச் சமணர் அல்லாத ஒருவர் செய்துகாட்டினார்.

அப்பாளையத்துக்கு இது பொருந்தாச் செயலும் அன்று. பிற்காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், படையெடுப்பின் அச்சத்தால் காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளின் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்தில் வைத்துக் காக்கப்பட்டது. அது 1710ஆம் ஆண்டில் மீண்டும் காஞ்சி வந்தடைந்ததைக் கோயில் கல்வெட்டு தெரிவிக்கிறது. தாயனூர்ச் சமணரைக் காத்த மண்ணே காஞ்சி வைணவரின் தெய்வத் திருமேனியையும் காத்தது.

ஏற்றுக்கொள்ளுதல்

ஊரில் மதிப்புடன் வாழ்ந்த ஒருவர், முன்பின் அறியாத ஒருவர்முன் வெறுங்கையுடன் நிற்பது எளிதன்று. தன்மதிப்பு தடுக்கும், ஐயமும் எழும். தன் இனத்தார் மாண்டுகொண்டிருக்கத் தான் மட்டும் நிழலில் இருப்பதா என்ற குற்றவுணர்வும் வாட்டும். இவற்றையெல்லாம் கடந்துதான் ஒருவர் அடைக்கலத்தை ஏற்கவேண்டும்.

ஏற்பதற்கும் ஒரு நெறி உண்டு என்பதைச் சமணர்க்கு நாள்தோறும் உணர்த்துவது முனிவரின் ஆகாரமுறை. திகம்பர முனிவர் நின்றபடியே, தம் இரு கைகளையே கலமாகக் கொண்டு, நாளுக்கு ஒருமுறை இல்லறத்தார் இடுவதை ஏற்கிறார். அவர் இரப்பதில்லை, இட்டதில் குறை காண்பதுமில்லை. பெற்ற உணவால் உடலை நிறுத்தி, அவ்வுடலால் தவத்தைத் தொடர்கிறார். அங்குக் கொடுப்பவர் உயர்ந்தவராகவும் கொள்பவர் தாழ்ந்தவராகவும் ஆவதில்லை.

காங்கேய உடையாரும் அவ்வாறே செய்தார். பாதுகாப்பும் நிலமும் கிடைத்தபின் உடையார்பாளையத்திலேயே நிறைவுடன் வாழ்ந்திருக்கலாம். ஆனால், தமக்கு ஓர் இடம் உண்டு என்னும் உறுதியைத் துணையாகக்கொண்டு அவர் சிரவணபெளகொளா சென்றார். வீரசேனாசாரியாரை அழைத்துக்கொண்டு செஞ்சி நாட்டு ஊர்களுக்கெல்லாம் போனார். நீறணிந்து வாழ்ந்தவர்களைத் தம் முன்னோர் நெறிக்கு மீளுமாறு அவர்கள் அழைத்தனர். அச்சத்தால் மாறியவர்களைத் தள்ளிவைக்காமல் வாயில் திறந்துவிடப்பட்டது. உடையார்பாளையத்தில் பெற்ற பரிவு செஞ்சி நாட்டில் இவ்வாறு திரும்ப வழங்கப்பட்டது. வீரசேனாசாரியார் இறுதியில் வேலூரிலேயே மறைந்தார். அவர் சிரவணபெளகொளாவிலிருந்து கொணர்ந்ததாகச் சொல்லப்படும் பார்சுவநாதர் உலோகத் திருமேனி அவ்வூர்க் கோயிலுக்கு உரியதாயிற்று.

எஞ்சியுள்ள கடன்

நன்றியை மறவாத சமூகம் தாயனூரார்க்கு முதல் தாம்பூலத்தை உரிமையாக்கியது. அது தகும். ஆனால் தம்மவர் செய்த நன்மையை நினைப்பதினும் பிறர் செய்த நன்மையை நினைப்பது அரிது. தம்மவர் செய்தது கடமை என்று கொள்ள இடமுண்டு. உடையார்பாளையத்தார்க்கு அக்கடமையும் இல்லை. தமிழ்ச் சமணர் தம் ஆசாரியர் அருளியதெனப் போற்றும் திருக்குறள், செய்ந்நன்றியறிதலைத் தனி அதிகாரமாக வைத்து, முன்னர் எதுவும் பெறாமலே ஒருவர் செய்யும் உதவியை முதலில் பேசுகிறது.

அவ்வுதவிக்கு உடையார்பாளையத்தில் ஒரு நினைவுக்கல் நாட்டவேண்டும் என்பதன்று. செஞ்சிக் கொடுமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அதனோடு உடையார்பாளையத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். கொடுமையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, அயலாரைக் கண்டு அஞ்சக் கற்கும். அடைக்கலத்தையும் கேட்டு வளரும் பிள்ளை, தன் வாயிலில் யாரேனும் வந்து நின்றால், அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்பதற்குமுன் குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்.